அம்மா போனதுக்கப்புறம் அப்பா யாரையும் வாசப்படி ஏற விடமாட்டேங்குறாரு, என்ன பண்றதுன்னு தெரியல

பொன்மலைப்பட்டி பொண்ணு:

வணக்கம். கொஞ்சம் நீளமா வரும், அனுபவப்பட்டவங்க யாராவது முழுசா படிச்சிட்டு சொல்லுங்க.

அம்மா தவறி ஒன்பது மாசம் ஆகுது. சுகர் இருந்துச்சே தவிர படுக்கைல எல்லாம் விழல. காலைல கோலம் போட்டுட்டு உள்ள வந்து உக்காந்தவங்க நெஞ்சு அடைக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரிக்குள்ள போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அப்பாவுக்கு 72. திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டரா இருந்து 2013-ல ரிட்டயர் ஆனவரு. ஊட்டி மலை ரயிலுக்கு இங்கயே நீராவி எஞ்சின் கட்டுனாங்கல்ல, அதுல அவரு கையும் பட்டிருக்கு, அதைச் சொல்லும்போது மட்டும் முகம் மலரும். குவார்ட்டர்ஸை காலி பண்ணிட்டு பொன்மலைப்பட்டில சின்னதா வீடு கட்டிக்கிட்டாங்க. இன்னைக்கும் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதுனா சட்டுனு மணிக்கட்டைத் திருப்பி வாட்ச்சைப் பாப்பாரு.

அப்பா எப்பவுமே கோவக்காரருதான். ஆனா அம்மா இருந்தவரைக்கும் அந்தக் கோவம் வாசலைத் தாண்டுனதில்ல. இப்ப தெருவுல ஒருத்தர் பாக்கி இல்ல. சமையலுக்கு ஆள் போட்டேன், ஒரே மாசத்துல மூணு பேர் போயாச்சு. அதுல ஒரு அக்கா புளி எங்க இருக்குன்னு கேட்டிருக்காங்க, இவருக்குத் தெரியல, தெரியாத ஆத்திரத்துல அவங்க மேல எரிஞ்சு விழுந்து அனுப்பிட்டாரு. பால்காரரோட சண்டை, தண்ணி கேன் போடுற பையனோட சண்டை, பசங்க அடிச்ச பந்து உள்ள விழுந்தா திருப்பித் தர்றதில்ல. எதிர்வீட்டு மாமா இவரோட அதே ஒர்க்‌ஷாப்ல வெல்டரா இருந்தவரு. சாக்கடைத் தண்ணி தகராறுல ரெண்டு பேரும் பேசி ஏழெட்டு வருஷம் ஆச்சு. அம்மா காரியத்துக்கு வந்து வாசல்லயே ரொம்ப நேரம் நின்னுட்டுப் போனாரு, அப்பா நிமிந்தே பாக்கல.

அம்மா தெருவுல பன்னெண்டு பேரை சேத்து ஒரு சீட்டு நடத்திட்டு இருந்தாங்க, மாசம் ஆயிரம், அஞ்சாம் தேதி குலுக்கல். பாதில நின்னு போச்சு. ரெண்டு அக்காங்க வந்து தயங்கித் தயங்கி அதைப் பத்தி கேட்டப்ப "செத்தவகிட்ட கணக்கு கேக்க வந்தீங்களா"ன்னு கத்தி கதவை சாத்திட்டாராம். அதுல இருந்து யாரும் வர்றதில்ல.

அத்தை பொண்ணு கல்யாணம் தை மாசம் நடந்துச்சு. தாய்மாமன் இவரு. ஆசையா சீர்வரிசை எல்லாம் வாங்கி வச்சிருந்தாரு. மண்டபத்துல ஒரு பெரியவங்க, தலை திவசம் கூட முடியலையே, ஜோடியா இருக்கவங்க பண்ணட்டும்னு சொல்லி தட்டை இவரு கையில இருந்து வாங்கி வேற மாமாகிட்ட குடுத்துட்டாங்க. நான் பாத்துட்டு நின்னேன், வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்கல, அது இன்னும் எனக்கு அறுக்குது. அன்னைக்கு சாப்பிடாம பஸ் ஏறி வந்துட்டாரு. அதுக்கப்புறம் எந்த விசேஷத்துக்கும் போறதில்ல.

பெங்களூருக்கு எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன், பதினோரு நாள் இருந்தாரு. அபார்ட்மெண்ட் பார்க்ல வயசானவங்க சிரிப்பு யோகா பண்ணுவாங்க, போங்கப்பான்னு அனுப்பினேன், அஞ்சு நிமிஷத்துல திரும்பி வந்து, நான் எதுக்கு சிரிக்கணும்னு கேட்டாரு. எனக்கு பதில் சொல்ல முடியல.

வீட்டுக்குள்ள துணி கொடில அம்மா கடைசியா துவைச்சுப் போட்ட ஊதா புடவை நாலா மடிச்சது அப்படியே கெடக்கு. போன வாரம் எடுத்து பீரோவுல வைக்கலாம்னு கை வச்சேன், இருந்த இடத்துல இருக்கட்டும்னு ஒரு சத்தம் போட்டாரு பாருங்க, பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாத்தாங்க.

மனுஷங்களோட கொஞ்சம் கலந்து இருந்தா மாறுவாருன்னு தோணுது, ஆனா எதைச் சொன்னாலும் கோவம். எங்க ஆரம்பிக்கிறது?

---

டெப்போக்காரர் மருமகன்:

சகோதரி, உங்க அப்பாவைப் பத்திப் படிக்கப் படிக்க என் மாமனாரே கண்ணு முன்னாடி வந்து நிக்கிறாரு. அவரும் அரசு பஸ் டெப்போல மெக்கானிக்கா இருந்தவரு, ஒரத்தநாடு பக்கம். அத்தை போனதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் வீட்டுல ஒரு ஃபேன் சுத்துற சத்தம் கூட அவருக்குப் பிடிக்காது. நாங்களும் கோயில், வாக்கிங், டூர்னு எல்லாம் சொல்லிப் பாத்தோம். இதெல்லாம் நம்ம அவருக்கு "குடுக்குற" விஷயம், அவருகிட்ட இருந்து ஒண்ணும் கேக்காத விஷயம். அங்கதான் நாங்க தப்பு பண்ணிட்டு இருந்தோம்னு ரொம்ப நாள் புரியல.

மாறுனது எப்படின்னா, பதினொண்ணாவது படிக்கிற பிள்ளைங்களுக்கு அரசாங்கம் சைக்கிள் குடுக்குதுல்ல, அந்த சைக்கிள்ல ஒரு பொண்ணு தினமும் எங்க வாசல் வழியா டியூஷன் போகும். செயின் காஞ்சு போய் கிரீச் கிரீச்னு சத்தம். ஒரு நாள் மாமா நிறுத்தி, எண்ணெய் போடத் தெரியாதா உனக்கு, இப்படி மிதிச்சா பல்சக்கரம் தேஞ்சிரும்னு திட்டித் தீத்துட்டு, அந்தப் புள்ள அழுகிற மாதிரி நிக்கவும் உள்ள போய் எண்ணெய் டப்பாவும் ஸ்பேனரும் எடுத்துட்டு வந்தாரு. முன் சக்கரம் ஆடுது, பிரேக் கட்டை ரிம்ல படவே இல்ல, ஹேண்டில் லூஸு. ஒரு மணி நேரம் வேலை. மறுநாள் அந்தப் பொண்ணு கூட ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்துச்சு.

இப்ப மூணு வருஷம் ஆச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல எங்க வாசல்ல நாலஞ்சு சைக்கிள் கவுந்து கெடக்கும். காசு வாங்க மாட்டாரு. ஆனா சும்மாவும் செஞ்சு தரமாட்டாரு, பக்கத்துல உக்காந்து அந்தப் பிள்ளைங்களே பங்ச்சர் ஒட்டணும், உப்புத்தாள் வச்சு ட்யூபைத் தேய்க்கிறதுல இருந்து சொல்யூஷன் காயுற வரைக்கும் பொறுத்திருக்கிறது வரை. அவசரப்பட்டு ஒட்டுனா பிச்சு எறிஞ்சிட்டு மறுபடி தேய்க்கச் சொல்லுவாரு. திட்டு இன்னும் அதே திட்டுதான். பிள்ளைங்க அதுக்கு பயப்படுறதில்ல.

நான் பண்ண ஒரு தப்பையும் சொல்லிடுறேன், நீங்க பண்ணிடாதீங்க. இது நல்லா போகுதுன்னு பாத்து ஒரு ஞாயித்துக்கிழமை பேனர் அடிச்சு, "இலவச சைக்கிள் பழுது நீக்கும் முகாம்"னு போட்டு, வார்டு கவுன்சிலரைக் கூப்பிட்டு மாமாவுக்கு பொன்னாடை போத்திட்டேன். ரெண்டு வாரம் டூல் பெட்டியைத் திறக்கல மனுஷன். என்னை வேடிக்கைப் பொருளாக்கிட்டீங்களேன்னு மட்டும் சொன்னாரு. அப்புறம் அந்த முதல் பொண்ணுதான் வந்து, தாத்தா எனக்கு நாளைக்கு ப்ராக்டிகல் இருக்கு பிரேக் பிடிக்கலன்னு நின்னுச்சு, எந்திரிச்சாரு.

---

ஓய்வு 2010:

நல்ல விஷயம் தம்பி. ஆனா எல்லா ஆம்பளைக்கும் கையில தொழில் இருக்காது. நான் ஆபீஸ்ல ஃபைல் பாத்தவன், எனக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியாது. மனைவி இறந்து நாலு வருஷம். காலைல பேப்பர், மத்தியானம் தூக்கம், ராத்திரி டிவி. எங்களை மாதிரி ஆளுங்களுக்கு என்ன வழின்னும் யாராவது எழுதுங்க.

---

கோவில்பட்டி தபால்காரர்:

மேல கேட்ட சாருக்கும் சேத்தே சொல்லுதேன், அந்தப் பிள்ளைக்கும் சொல்லுதேன். நானும் பொண்டாட்டி போன ஆளுதான். சப் போஸ்ட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவன், வயசு 75. எங்க வீட்டம்மா 2022 கார்த்திகைல போனா.

பிள்ளைங்களுக்கு ஒண்ணு தெரியிறதில்ல. நாங்க ஊரோட கலந்து இருந்தோம்னு நெனைக்கிறீங்க, அது நாங்க இல்ல, அவ. யாரு வீட்டுல கல்யாணம், யாருக்கு எவ்வளவு மொய், எந்த வீட்டுக்கு பொங்கலுக்கு கரும்பு குடுக்கணும், யாரு வீட்டுல துட்டிக்குப் போகணும், எல்லாம் அவ கையில இருந்த சங்கதி. நான் சட்டையை மாட்டிக்கிட்டு கூடப் போவேன், அம்புட்டுதான். அவ போனதும் ஊர்ல என்னைத் தெரிஞ்சவன் ஆயிரம் பேர் இருந்தும் எனக்கு யாரையும் தெரியல. ஒரு பத்திரிகை வந்துச்சு, பேரைப் பாக்குதேன், யாருன்னு பிடிபடல. பரண்ல இருந்து அவ மொய் நோட்டை எடுத்துப் பாத்தா எங்க மக கல்யாணத்துக்கு அவங்க 501 எழுதியிருக்காங்க, பக்கத்துல அவ கையெழுத்துல "வெங்கலப் பானையும் தந்தாக"ன்னு சின்னதா ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பாத்துட்டு அன்னைக்கு முழுக்க அழுதேன். அதுவரைக்கும் எனக்கு கண்ணுல தண்ணி வரல, எல்லார் மேலயும் கோவம்தான் வந்துச்சு. கோவம்னா உங்க அப்பாவுக்கு வருதே அதே மாதிரிதான்.

2023 ஆடில மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்குனாங்கல்ல, மாசம் ஆயிரம் ரூபா திட்டம். எதிர்த்த வீட்டு பீடி சுத்துற பொம்பளை ஃபாரத்தை எடுத்துட்டு வந்து, ஐயா இதுல என்ன எழுதணும்னு நின்னா. முகாம்லயே எழுதித் தருவாங்க போன்னு விரட்டுனேன். அங்க கூட்டம்யா, கூலி போயிரும்னா. சரின்னு வாங்கி எழுதுனேன். வருஷ வருமானம் ரெண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணும், கரண்டு வருஷத்துக்கு 3600 யூனிட்டுக்கு மேல போகக்கூடாது, நஞ்சை 5 ஏக்கர் புஞ்சை 10 ஏக்கர்னு கணக்கு உண்டு, ஒவ்வொண்ணா கேட்டுக் கேட்டு எழுதணும். மறுநாள் ஏழு பேர் வந்துட்டாவ. செப்டம்பர் 15-ல பணம் வந்த பெறவு, தள்ளுபடி ஆனவங்க 30 நாளைக்குள்ள மேல்முறையீடு பண்ணணும்னு சொன்னாங்க. அந்த 30 நாளும் எனக்கு சாப்பிட நேரம் இல்ல. ஒருத்திக்கு கார்டுல பேர் தப்பு, ஒருத்திக்கு பேங்க் கணக்கோட ஆதார் சேரல, இ-சேவை மையத்துக்கு நானே கூடப் போனேன். முப்பது வருஷமா மணியார்டர் ஃபாரம் எழுதித் தள்ளுனவனுக்கு இது ஒரு வேலையா சொல்லுங்க. ஃபைல் பாத்த சாரே, உங்க தெருவுல முதியோர் பென்ஷனுக்கு எழுதத் தெரியாம எத்தனை பேர் இருக்காங்கன்னு ஒரு நடை போய் விசாரிங்க.

எங்க தெருமுனைல ஒரு ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் இருக்காரு. அவரும் ஒண்டிதான். ஃபாரம் எழுத வந்தவரு தினமும் சாயங்காலம் ஃப்ளாஸ்க்ல கருப்பட்டி காப்பி எடுத்துட்டு வர ஆரம்பிச்சாரு, ரெண்டு டம்ளர். பாலத்துச் சுவர்ல உக்காந்திருப்போம். பெரும்பாலும் பேசுறதே கிடையாது. எட்டு மணிக்கு மேல வீட்டுக்குள்ள போறது இருக்கே, அந்த நேரம்தான் கொல்லும். அவரு அது தெரிஞ்சு எட்டரை வரைக்கும் எந்திரிக்க மாட்டாரு.

இப்ப உன் விஷயம் தாயி. பதில் உன் கேள்விக்குள்ளயே இருக்கு. உங்க அம்மா சீட்டு நோட்டு எங்க இருக்கு? அதைத் தேடி எடு. அந்தப் பொம்பளைங்க பணம் பாதில நிக்கி. உங்க அப்பா ரயில்வேக்காரர், அடுத்தவன் காசு ஒரு ரூபா தன் வீட்டுல தங்குனா அவருக்கு தூக்கம் வராது. அம்மா கணக்கு எனக்குப் புரியல, நீங்க பாத்து நேர் பண்ணிக் குடுங்கன்னு அவரு கையில குடு. ஆறுதல் சொல்லாத. வேலையைச் சொல்லு.

---

பொன்மலைப்பட்டி பொண்ணு:

ஐயா, படிச்சிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். சீட்டை நான் அப்படி யோசிக்கவே இல்ல, அது ஒரு பிரச்சனைன்னு மட்டும்தான் நெனச்சேன். அம்மா ஏழு சீட்டு முடிச்சிருந்தாங்க, இன்னும் அஞ்சு பேருக்கு வரணும், அதுல அம்மாவும் ஒருத்தங்க. நோட்டு அரிசி டிரம்முக்குப் பின்னாடி இருக்கும்னு நெனைக்கிறேன். இந்த சனிக்கிழமை ஊருக்குப் போறேன்.

---

வார்டு சிஸ்டர்:

நான் செவிலியரா இருக்கேன், மனநலப் பிரிவுல கொஞ்ச வருஷம் வேலை பாத்திருக்கேன். எல்லாரும் சொன்னது நல்லா இருக்கு. நான் வேற பக்கத்துல இருந்து ரெண்டு விஷயம் சொல்லணும்.

முதல்ல காது. ஒர்க்‌ஷாப்ல அத்தனை வருஷம் சுத்தியல் சத்தத்துல இருந்தவங்களுக்கு காது மந்தமாகுறது ரொம்ப சாதாரணம், அது அவங்களுக்கே தெரியாது. அடுத்தவங்க பேசுறது பாதி கேக்கும், பாதி கேக்காது, கூட்டத்துல ஒண்ணுமே புரியாது, திரும்பக் கேக்க கூச்சம், அது எரிச்சலா வெளில வரும். உங்க அம்மா இருந்தவரைக்கும் அவங்கதான் இவருக்கு காதா இருந்திருப்பாங்க, பக்கத்துல நின்னு என்ன சொன்னாங்கன்னு திருப்பிச் சொல்லியிருப்பாங்க. போன்ல உங்ககிட்ட கத்திப் பேசுறாரான்னு பாருங்க. ரிட்டயர் ஆன ரயில்வேக்காரங்களுக்கு ரயில்வே ஆஸ்பத்திரி வசதி உண்டு, அவரு அட்டை இருந்தா அங்கயே காது டெஸ்ட் எடுத்துடலாம். கூடவே தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனையும் கேளுங்க.

ரெண்டாவது, அந்தப் புடவை. அதை எடுக்கணும்னு அவசியமே இல்ல. துக்கத்துல இருந்து "வெளிய வரணும்"னு நம்ம எல்லாரும் சொல்றோம், ஆனா நெதர்லாந்துல ஸ்ட்ரோப், ஷூட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1999-ல எழுதுனது எனக்கு வேலைல ரொம்ப உதவிச்சு. துக்கப்படுறவங்க ஒரு பக்கம் இழப்பை நெனச்சு அழுவாங்க, இன்னொரு பக்கம் அடுத்த வேளை வேலையைப் பாப்பாங்க, ரெண்டுக்கும் நடுவுல போய்ப் போய் வர்றதுதான் இயல்புன்னு சொன்னாங்க. சீட்டு கணக்கு பாக்குற அன்னைக்கே ராத்திரி புடவையைத் தொட்டுட்டு அழலாம், அது பின்னடைவு இல்ல.

ஆனா சிலதை கவனிக்கணும். எடை குறையுதா, சுகர் பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடுறாரா, குளிக்கிறாரா, "நானும் அவ கூடப் போயிட்டா நல்லாயிருக்கும்"னு சொல்றாரா. ஆறு மாசத்துக்கு மேலயும் ஏக்கம் கொஞ்சமும் குறையாம அன்றாட வாழ்க்கையையே நடத்த முடியாம போனா அதை நீடித்த துக்க நோய்னு உலக சுகாதார நிறுவனத்தோட வகைப்பாட்டுலயே சேத்திருக்காங்க, அதுக்கு சிகிச்சை இருக்கு. 14416 டெலி மானஸ், இலவசம், தமிழ்லயே பேசலாம், நீங்களும் பேசலாம். வயசானவங்களுக்குன்னே 14567 எல்டர் லைன் இருக்கு, காலை 8-ல இருந்து ராத்திரி 8 வரைக்கும். சாகணும்ங்கிற பேச்சு ஒரு தடவை வந்தாலும் சும்மா சொல்றாருன்னு விட்டுடாதீங்க, அன்னைக்கே கூப்பிடுங்க.

---

மெல்பேர்ன் ஈழத்தவன்:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், இப்ப மெல்பேர்னில இருக்கிறன். எங்கட அப்பா பள்ளிக்கூடத்தில தச்சு வேலை படிப்பிச்ச வாத்தியார். அம்மா மோசம் போன பிறகு இங்க கூப்பிட்டம். ஒரு வருசம் யன்னலுக்கு முன்னால கதிரையைப் போட்டுட்டு இருந்தவர். தமிழ்ச் சனம் வந்து கதைச்சாலும் எழும்பி அறைக்குள்ள போயிடுவார், வந்தவை எல்லாரும் அம்மாவைப் பற்றியே கேட்கினம் எண்டு.

இங்க "மென்ஸ் ஷெட்" எண்டு ஒண்டு இருக்கு. ஒரு பெரிய கொட்டில், அதுக்குள்ள வாள், சீவுளி, கடைசல் மெசின் எல்லாம் கிடக்கும். வேலையால ஓய்வு பெற்ற ஆம்பிளையள் வந்து எதையாவது செய்துகொண்டிருப்பினம். 1990களில விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியாப் பக்கம் துவங்கினது, இப்ப நாடு முழுக்க ஆயிரத்துக்கு மேல இருக்கு. அவையின்ர பேச்சு என்னெண்டா, ஆம்பிளையள் முகத்துக்கு முகம் பாத்துக் கதைக்கமாட்டினம், தோளுக்குத் தோள் நிண்டு வேலை செய்யேக்க கதைப்பினம் எண்டு.

அப்பாவுக்கு இங்கிலீஷ் அரைகுறை. முதல் நாள் நான் கொண்டுபோய் விட்டுட்டு காருக்குள்ளயே இருந்தன், திரும்பி வந்துடுவார் எண்டு. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் குருவிக்கூட்டுப் பெட்டி ஒண்டு செய்துகொண்டு நிண்டவர், மூலை பொருந்தேல்ல. அப்பா கொஞ்ச நேரம் பாத்தார். பாத்துட்டு அந்தாளின்ர கையில இருந்த உளியை வாங்கி, மூலைப் பொருத்தை வெட்டிக் காட்டினார். ஒரு சொல்லும் பேசேல்ல. இப்ப செவ்வாயும் வியாழனும் ஏழு மணிக்கே சப்பாத்து போட்டுட்டு நிப்பார். நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, ஆஸ்பத்திரிப் பிள்ளையளுக்கு மர விளையாட்டுச் சாமான் செய்து குடுக்கினம். அந்தக் கிழவரும் மனிசி செத்த ஆள் எண்டு எங்களுக்கு எட்டு மாசத்துக்குப் பிறகுதான் தெரியும், அப்பாவுக்கு முதல் கிழமையே தெரிஞ்சிருக்கு.

உங்கட எதிர்வீட்டு வெல்டரை விட்டுடாதையுங்கோ. வாசலில நிண்டுட்டுப் போன மனுசன் திரும்ப வரத்தான் நிண்டிருப்பார்.

---

பொன்மலைப்பட்டி பொண்ணு:

ஆறு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சிடுங்க. நடந்ததைச் சொல்லணும்னு தோணுச்சு.

நோட்டு அரிசி டிரம்முக்குப் பின்னாடிதான் இருந்துச்சு, நாப்பது பக்க கோடு போட்ட நோட்டு, மஞ்சள் கறை. கோவில்பட்டி ஐயா சொன்ன மாதிரியே, எனக்கு இந்த கணக்கு புரியலப்பா, அஞ்சு பேரு பணம் நிக்குதுன்னு சொல்லி டீப்பாய் மேல வச்சிட்டு நான் கடைக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா அம்மாவோட கண்ணாடியை எடுத்துப் போட்டுட்டு படிச்சிட்டு இருக்காரு. அவரோட கண்ணாடி பக்கத்துலதான் இருந்துச்சு. நான் ஒண்ணும் கேக்கல. ராத்திரி பத்து மணிக்கு, ஏழு பேரு இன்னும் ஆளுக்கு அஞ்சாயிரம் கட்டணும், உங்கம்மா பங்கும் அஞ்சாயிரம் நிக்குது, அதை நான் கட்டணும்னு சொன்னாரு. இத்தனை மாசமா அந்தப் பொம்பளைங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையேன்னாரு. கேட்டாங்க, நீங்கதான் துரத்துனீங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லல.

மறுநாள் காலைல அவரே சட்டையைப் போட்டுட்டு ஒவ்வொரு வீடா போனாரு. எந்த வீட்டுலயும் உள்ள போய் உக்காரல, வாசல்லயே நின்னு, வர்ற அஞ்சாம் தேதி சாயங்காலம் சீட்டு இருக்கு, அஞ்சரைக்கு வந்துடணும்னு சொல்லிட்டு வந்திருக்காரு. மன்னிப்பெல்லாம் கேக்கல. கதவை சாத்துனாரே, அந்த ரெண்டு அக்காங்கள்ல ஒருத்தங்க மட்டும், டீ குடிச்சிட்டுப் போங்கண்ணேன்னு கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்காங்க, குடிச்சாராம்.

இதுவரைக்கும் ரெண்டு சீட்டு முடிஞ்சிருச்சு. ஒர்க்‌ஷாப்ல ஜாப் கார்டு போடுற மாதிரி ஸ்கேல் வச்சு கட்டம் போட்டு, கையெழுத்துக்கு தனி வரிசை போட்டு புது ரெஜிஸ்டர் எழுதியிருக்காரு. லேட்டா வந்தா திட்டு விழுது. முதல் சீட்டுல குலுக்கவே இல்ல. அம்மா நோட்டுல கடைசி பக்கத்துல ஒரு அக்கா பேரை எழுதி "மகன் பாலிடெக்னிக் பீஸ், என் சீட்டு வந்தா இவளுக்கு மாத்தி விடணும்"னு எழுதி வச்சிருந்தாங்க. அப்பா அதை எல்லாருக்கும் ஒரு தடவை படிச்சுக் காட்டிட்டு, யாருக்காவது ஆட்சேபணை இருக்கான்னு கேட்டு, பன்னெண்டாயிரத்தையும் எண்ணி அந்த அக்கா கையில குடுத்துட்டாரு. அந்தப் பையன் இப்ப ஞாயித்துக்கிழமை வர்றான். அரம் எப்படிப் பிடிக்கணும், தகட்டை எப்படி மட்டம் பாக்கணும்னு சொல்லித் தர்றாராம். ஒரு அக்கா அரிவாள்மனையைத் தீட்டக் கொண்டு வந்தாங்களாம், அதோட அதுவும் ஆரம்பிச்சாச்சு. அதுக்காக எல்லாம் சரியாயிருச்சுன்னு சொல்லமாட்டேன். பால்காரர் சண்டை அப்படியேதான் இருக்கு. போன வெள்ளிக்கிழமை அம்மா பொறந்தநாள், அன்னைக்கு போனே எடுக்கல, நான் பதறிப் போய் அந்த டீ குடுத்த அக்காவைக் கூப்பிட்டேன், அவங்க எட்டிப் பாத்துட்டு, தூங்குறாரு, நான் சோறு மூடி வச்சிட்டேன் நீ கவலைப்படாதேன்னாங்க. இதுக்கு முன்னாடி அப்படிக் கூப்பிட்டுக் கேக்க எனக்கு அந்தத் தெருவுல ஒருத்தர் இல்ல.

சிஸ்டர், நீங்க சொன்ன காது விஷயம் நிஜம். ரெண்டு காதும், வலது பக்கம் ரொம்ப அதிகமாம். மெஷின் வைக்கணும்னு சொல்லி வர்ற வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. எனக்கு லீவு கிடைக்கல. எதிர்வீட்டு மாமாகிட்ட போன் பண்ணி, கூட்டிட்டுப் போக முடியுமான்னு தயங்கித்தான் கேட்டேன். வண்டிக்கு பெட்ரோல் போட்டு வைக்கிறேன்னு மட்டும் சொன்னாரு. அப்பாகிட்டயும் சொல்லிட்டேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு, அப்புறம் எத்தனை மணிக்குன்னு கேட்டாரு.